கட்டைவிரலை எடுத்துட்டு மடக்குங்க

…மடங்குகிறதா என்றால் மடங்குகிறது, அதுதான் பேஜார், சுத்தமாக மடங்காமல் போயிருந்தால் ஒரே வார்த்தையில் வழக்கு முடிந்திருக்கும், ஆனால் இந்த அம்மாள், அம்சவள்ளி, வயது நாற்பத்தெட்டு, கேப்பை அறுக்கும்போது இடது ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் அரிவாள் வெட்டு, "மடக்குங்க" என்று சொன்ன மாத்திரத்தில் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்க மூடிக் காட்டிவிட்டாள், ரத்தம் முழங்கை வரை வழிய, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை முந்திக்கொண்டு கை தூக்குவதுபோல. அதை வாசலில் நின்றபடியே பார்த்த ராஜ்குமார் சார், "ஃபைன், டெண்டன் இன்டாக்ட், நாலு தையல் போட்டு டி.டி. ஊசி குடுத்து அனுப்பு, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், மூன்றாம் வருஷ மேற்படிப்பு டாக்டர், அவர் ஃபைன் என்றால் ஃபைன், தைக்க வேண்டியது ஹவுஸ் சர்ஜன் இசைவாணியின் வேலை. நூல் கோத்த ஊசி தட்டில் இருக்கிறது, மரப்பு மருந்தைக்கூட சிஸ்டர் இளவரசி சிரிஞ்சில் உறிஞ்சித் தயாராக வைத்துவிட்டார்… அப்புறம் ஏன் கை போக மாட்டேன் என்கிறது? பயமா? பயம் என்றால் வயிற்றில் தெரியும், இது வயிற்றில் இல்லை, இது பிடிவாதம், அம்மா சொல்வாளே, நீ புடிச்ச மொயலுக்கு மூணே காலுன்னு… ஆமாம், மூணே கால்தான், எண்ணிப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறேன்.

அதுவும் இன்றைக்கா இந்தப் பிடிவாதம் வர வேண்டும், அறுவைப் பிரிவில் இன்று கடைசி நாள், பார்த்த கேஸ்களை எழுதிவைக்கும் லாக்புக் கையெழுத்துக்காக ராஜ்குமார் சார் மேஜையில் கிடக்கிறது, அவர் போட்டால் அடுத்த பிரிவு, போடாவிட்டால் இன்னும் ஒரு மாதம் இதே கேஷுவால்டி, இதே நெடுஞ்சாலை, கூட்டேரிப்பட்டு தாண்டி வயல்களுக்கு நடுவே முளைத்த இந்தத் தனியார் கல்லூரி மருத்துவமனை, இதே 'ஏழரை'. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவிகித ஒதுக்கீட்டில் வந்தவள் என்பதால் முதல் வருஷமே விடுதியில் யாரோ வைத்த பெயர், ஏழரை வந்துடுச்சுடா, இனி வார்டு உருப்பட்ட மாதிரிதான் என்று சிரிப்பார்கள், சனி பிடித்ததாம், பிடிக்கட்டும், பிடித்த சனி லேசில் விடாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ராஜ்குமார் சார் வாயால்கூட ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாராட்டு வந்தது, மூன்று வாரம் இருக்கும், திண்டிவனத்தில் டைல்ஸ் பதிக்கிற பிரான்சிஸ், மோதிர விரலில் இயந்திரம் பட்ட வெட்டு, அவள் தனியாகப் போட்ட முதல் தையல், ஐந்து முடிச்சும் அளவெடுத்ததுபோல, "ஏழரை, உனக்கு நல்ல கைம்மா" என்றார் சார். அன்று முழுக்க அந்த வார்த்தையைக் கமர்கட்டு மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொண்டே திரிந்தாள், விடுதிக்குப் போய் விளக்குக்கு நேராகக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெட்கக்கேடு, பிரான்சிஸ் தையல் பிரிக்கக்கூட இங்கே வரவில்லை, திண்டிவனத்திலேயே எங்கோ பிரித்துக்கொண்டிருப்பார், வந்திருந்தால் தன் கைவேலையை இன்னொரு தரம் பார்த்திருக்கலாம் என்று இப்போதும் ஒரு ஆசை உண்டு.

"இன்னொரு வாட்டி மடக்குங்கம்மா, மெதுவா."

"அதான் மடக்கிக் காமிச்சேனே டாக்டரம்மா, ஜல்தியா தச்சி வுட்டுடு, அறுத்ததெல்லாம் கொல்லியில அப்படியே கெடக்குது, மானம் வேற கருத்துக்கினு வருது" என்று சொல்லிக்கொண்டே அம்சவள்ளி மடக்கினாள், இந்த முறை இசைவாணி முகத்தைப் பார்க்கவில்லை, ரத்தத்தைப் பார்க்கவில்லை, விரலை மட்டும் பார்த்தாள், மூன்று விரல்கள் ஒழுங்காகச் சுருண்டன, ஆள்காட்டி விரல் நடுமூட்டில் மடங்கியது, சரி, நுனி? நுனி விறைத்து நின்றது, ஒரு நொடிதான், அதற்குள் எங்கிருந்தோ கட்டைவிரல் வந்து நகத்தின்மேல் உட்கார்ந்து அதை உள்ளே அமுக்கிவிட்டது… ஆ, நீயா? நீதான் இந்த வேலையைப் பார்க்கிறாயா? பொய் சொல்ல வேண்டும் என்று அந்தக் கட்டைவிரலுக்கு ஒன்றும் எண்ணமில்லை, டாக்டர் மடக்கச் சொன்னால் மடக்கிவிட வேண்டும், அவ்வளவுதான், இந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கமே அது, மூச்சை இழு என்றால் தலைசுற்றும் வரை இழுப்பார்கள், வலி குறைந்ததா என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு குறைந்தது என்பார்கள், வெள்ளைக் கோட்டு கேட்டதை இல்லையென்று அனுப்பிப் பழக்கமே கிடையாது. இசைவாணி அந்த விரலின் நடுக்கணுவைத் தன் இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, "இப்ப நுனிய மட்டும்" என்றாள், அம்சவள்ளி முயன்றாள், நெற்றி சுருங்கியது, தோள் ஏறியது, தாடைகூட இறுகியது, நுனி இம்மியும் நகரவில்லை. "வரமாட்டேங்குதே" என்றாள் அவள், சத்தமே இல்லாமல்.

வராது, எப்படி வரும்? ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு கயிறு, டெண்டன், தசைநாண் என்று பாடத்தில் பெயர், மேலே ஓடுகிற ஒன்று நடுக்கணுவோடு நின்றுவிடும், நிற்கும் இடத்தில் இரண்டாகப் பிளந்து வழிவிடும், அடியில் வருகிற மற்றொன்று அந்தப் பிளவுக்குள் புகுந்து நுனி வரை போகும், மேல் கயிறு பிழைத்துக்கொண்டது, அடிக்கயிறு அறுந்துவிட்டது, இதைத் தெரிந்துகொள்ள ஸ்கேன் வேண்டாம், கோழிக்கால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வாங்கிவரும் கோழிக்கால், வெட்டுவாயில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருக்கும் நரம்பைப் பிடித்து இழுத்தால் செத்த கோழி நகத்தை மடக்கும், தம்பி தென்னரசு அலறிக்கொண்டு ஓடுவான், ஒரு நரம்பை இழுத்தால் பாதி மடங்கும், இன்னொன்றை இழுத்தால் முழுக்க மடங்கும், எட்டு வயதில் கை மணக்க மணக்கப் படித்த பாடம். முதல் வருஷம் பிணக்கூடத்தில் ஃபார்மலின் நெடியில் கண் எரிய நின்றபோது, பிளவுக்குள் நுழைந்து போகும் அந்தக் கயிற்றை ஆசிரியர் இடுக்கியால் தூக்கிக் காட்டினாரே, அட நம்ம கோழிக்கால், என்று தன்னை மறந்து சிரித்துவிட்டாள், வெளியே போ என்றார்கள், மரியாதை தெரியாத ஜென்மம் என்றார்கள், வாய்மொழித் தேர்வில் அதே கேள்வி வந்தது, பதில் நெஞ்சு நிறைய இருந்தது, இங்கிலீஷ்தான் வரவில்லை, கையை மடக்கி நீட்டிக் காண்பித்தாள், என்னம்மா டான்ஸா என்று கேட்டார் தேர்வாளர்… டான்ஸ்தான், இப்போது வரச் சொல்லுங்கள் அவரை, இந்த விரலை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

"இன்னாம்மா யோசிக்கிற, நீ எந்த ஊரு, யாரூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள் அம்சவள்ளி. இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று இசைவாணிக்குத் தெரியும், பிறந்ததிலிருந்தே தெரியும், மயிலம் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவலாம், கோயிலும் கல்லூரியும் உள்ள பெரிய ஊர்ப் பெயர், யாரும் தோண்ட மாட்டார்கள், முன்பெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், இன்று என்னவோ, "மயிலத்துக்கு மேற்க, காலனி, எங்கம்மா மல்லாட்டை ஆயப் போவாங்க" என்று முழுசாகச் சொன்னாள், சொல்லிவிட்டுப் பிடித்திருந்த கையை விடாமல் இருந்தாள், இழுத்துக்கொள்வதென்றால் இழுத்துக்கொள்ளட்டும். கை அங்கேயேதான் இருந்தது, கொஞ்சம் கனத்தது, "எங்க கொல்லிக்கும் அந்தப் பக்கத்து ஆளுங்கதான் வர்றாங்க" என்றாள் அம்சவள்ளி. ஆய்வதென்றால் எது ஆய்கிறது, இந்த விரல் நுனியும் கட்டைவிரலும்தானே, செடியைப் பிடித்துக் கொத்திலிருந்து ஒவ்வொரு நிலக்கடலையாக வெடுக் வெடுக்கென்று, அம்மாவின் அந்த நுனியில் ரேகையே கிடையாது, ரேஷன் கடை இயந்திரம் எத்தனை தடவை வைத்தாலும் யார் நீ என்று கேட்கும். "அம்மா, நல்லா கேளுங்க, இப்ப தோலைத் தச்சி வுட்டா பத்து நாள்ல காயம் ஆறிடும், ஆனா நுனி எப்பவுமே மடங்காது, உள்ள இருக்கிற நரம்பைச் சேக்கணும், ஆபரேஷன்" என்றாள். "அய்ய, ஆபரேஷனா? பெரிய டாக்டரு நல்லாக்கீதுன்னு சொன்னாரே?" என்று அம்சவள்ளி கேட்டாள், சொன்னார்தான், இசைவாணி ஊசியைத் தட்டில் தள்ளி வைத்துவிட்டு, சாரைக் கூப்பிடுங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னாள், சொன்ன குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வந்தார், வரும்போதே முகத்தில் கடுகு வெடித்தது. "இன்னும் தைக்கலையா? வெளியே எவ்ளோ பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

"நுனி மடங்கலை சார்."

"நான்தான் பார்த்தேனே?"

"கட்டைவிரல் தள்ளுது சார், அது தானா மடங்கலை."

"ஏழரை, எனக்கே அனாட்டமி எடுக்கிறியா? மடக்குங்கம்மா." அம்சவள்ளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், இந்தப் பெண் தன்னால் திட்டு வாங்குகிறாளே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது போலிருக்கிறது, பாவம், உதவி செய்கிறாளாம், கட்டைவிரல் மெல்லக் கிளம்பியது, இசைவாணி சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள். "இத வுட்டுட்டு மடக்குங்கம்மா." நுனி நின்றது, ராஜ்குமார் சார், "வலியில மடக்க மாட்டேங்கிறாங்க, அவ்ளோதான்" என்று சொல்லி, மரப்பு ஊசியைத் தானே போட்டு, ஐந்து நிமிஷம் காத்திருந்து, விரலை நேராக நீட்டி வைத்துக் காயத்தை விரித்தார். "பாரு, எங்கே அறுந்திருக்கு? உள்ள ஏதாவது முனை தெரியுதா? கிளீனா இருக்கு." அதுவும் நிஜம்தான், ஒன்றும் தெரியவில்லை, ஒரு நொடி அவளுக்கே காலடி நழுவியது, தப்பாகச் சொல்லிவிட்டோமோ, அம்மா அம்மா என்று எதை எதையோ நினைத்துக்கொண்டு ஒரு விரலைப் போய்… இல்லை, இரு, வெட்டு விழுந்தபோது இந்த விரல் என்ன செய்துகொண்டிருந்தது? கதிரைப் பிடித்திருந்தது, பிடித்த விரல் மடங்கியிருக்கும், நீட்டிப் பார்த்தால் அறுந்த முனை காயத்தைத் தாண்டி முன்னால் போய்த் தோலுக்கடியில் ஒளிந்துகொண்டிருக்கும். "நீட்டிப் பார்த்தா தெரியாது சார், கேப்பையப் புடிச்ச மாதிரி மடக்கிப் பாருங்க" என்றாள், அவர் செய்யவில்லை, முறைத்தார், அவளே தன் கையால் அந்த நுனியை மெல்ல மடக்கினாள், காயத்தின் விளிம்பிலிருந்து வெள்ளையாக, பளபளப்பாக, வெட்டுப்பட்ட முனை ஒன்று நழுவி வந்து நின்றது, கோழிக்காலில் நின்றதே, அதேபோல.

ராஜ்குமார் சார் நெடுநேரம் பார்த்தார், நெடுநேரமா, பத்து நொடி இருக்கும். "விழுப்புரத்துலேர்ந்து பிளாஸ்டிக் சர்ஜன் மூணு மணிக்கு வர்றார், போன்ல சொல்லிடு, கேஸை நீயே பிரசென்ட் பண்ணு" என்றார், பெயரும் சொல்லவில்லை, ஏழரையும் சொல்லவில்லை, கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்தாயிற்றா? ஜெயித்தாயிற்று! சத்தம் போட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது, மகளுக்குப் போன் போட்டுக் கேப்பையைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிக்கொண்டிருந்த அம்சவள்ளி, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டாள், இல்லையென்று தலையாட்டிவிட்டு இசைவாணி விழுப்புரத்துக்குப் பேசி முடித்து, லாக்புக்கை எடுக்க நடந்தாள், கால் தரையில் பாவவில்லை, சனி ஜெயித்துவிட்டது, எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

லாக்புக்கில் கையெழுத்து போட்டிருந்தது, அந்த நீல மையைப் பார்க்கத்தான் பக்கங்களைப் புரட்டினாள், பதினான்காம் கேஸ், பிரான்சிஸ், முப்பத்தாறு, இடது மோதிர விரல், உள்பக்கம், நடுக்கணு, கீழே அவள் கையெழுத்தில், அழகான, உருண்டையான எழுத்தில், விரல் முழுமையாக மடங்குகிறது. அவளே எழுதியது, யாரும் சொல்லி எழுதியதில்லை, மடக்குங்க என்று அவள் கேட்டாள், டக்கென்று கையை மூடிக் காண்பித்தார், சிரித்தார்கூட, கல்லு மாதிரி புடிப்பேன் டாக்டரு என்றார், மோதிர விரலின்மேல்… என்ன இருந்தது? சிமெண்டு அப்பிய, நகம் பிளந்த கட்டைவிரல், நகத்தின்மேல் குறுக்கே, இறுக்கமாக, இருந்ததே, கண்ணால் பார்த்தாளே, பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். இன்றோடு எத்தனை நாள், இருபத்திரண்டு, அறுந்த முனை எங்கே சுருங்கிக் கிடக்கிறதோ, இனி இழுத்துக் கட்டினால் வருமா… கையெழுத்துப் போட்ட பக்கம், யாரும் கேட்கப் போவதில்லை, புத்தகத்தை மூடினால் மூடியது, அடுத்த பிரிவு. ராஜ்குமார் சாரிடம் அத்தனை பேசிய வாய் இப்போது யாரிடம் பேசும்? பதிவேட்டில் எண்ணைத் தேடி எடுத்து அடித்தாள், நாலாவது மணியில் எடுத்தார், பின்னால் டைல்ஸ் அறுக்கும் இரைச்சல்.

"அண்ணே, ஆஸ்பத்திரியிலேர்ந்து இசைவாணி பேசறேன், விரல் எப்படி இருக்கு?"

"அட டாக்டரம்மா! சூப்பரா கீதும்மா, தழும்பே தெரியல, நல்லா மடங்குது."

"அண்ணே… மிஷின நிறுத்துங்க. கட்டைவிரலை எடுத்துட்டு மடக்குங்க."

இரைச்சல் நின்றது. அவள் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், "நுனி வரலியேம்மா" என்றார் அந்தப் பக்கம் பிரான்சிஸ்.