பின்பக்கம் பார்க்க

சட்டமன்றக் கேள்விக்குப் பதில் எழுதுவது தனிக் கலை என்று எங்கள் இயக்குநர் துரைராஜ் சார் அடிக்கடி சொல்வார். அவர் ஒரு பதிலும் எழுதியதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். எழுதுவது நான்தான். பெயர் தீபலட்சுமி. பல்கலைக்கழகத்தின் அனகாபுத்தூர் பெண்கள் வளாகத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர். பத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், பதில்கள் மொத்தம் நாலுதான். ‘ஆம்’, ‘இல்லை’, ‘வினா எழவில்லை’, ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’. இந்த நாலை வைத்துக்கொண்டு எந்தக் கேள்வியையும் சமாளித்துவிடலாம். தீபாவளிக்குப் புடவை கேட்டால் என் வீட்டுக்காரரே நாலாவது பதிலைத்தான் சொல்கிறார்.

எங்கள் வளாகம் என்றதும் புல்வெளியும் நூலகமும் கண்ணில் வந்தால் அழித்துவிடுங்கள். ஒரு பழைய தோல் கிடங்கைத் தடுத்து ஏழு வகுப்பறை ஆக்கியிருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு இரண்டே கழிப்பறை, அதிலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆனாலும் பெண்கள் வருகிறார்கள். பம்மலிலிருந்தும் பொழிச்சலூரிலிருந்தும் நடந்தே வந்துவிடலாம் என்பதால்தான் பாதிப் பேரை வீட்டில் படிக்கவே விட்டிருக்கிறார்கள்.

இந்த வளாகத்தை மூடி, முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொன்றோடு சேர்க்கப்போகிறார்கள் என்று ஒரு வருடமாக வதந்தி. அதனால் எங்கள் தொகுதி உறுப்பினர் கேள்வி போட்டார். (அ) வளாகம் பழைய கட்டடத்தில் இயங்குகிறதா? (ஆ) அதை மூடி வேறொன்றோடு இணைக்கப்போகிறீர்களா? (இ) மாணவியருக்குக் கழிப்பறைகள் கட்டித் தரப்படுமா? நான் பதில் எழுதினேன். ஆம். இல்லை. நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.

இரண்டு நாள் கழித்துக் கேள்வி திருத்தப்பட்டு வந்தது. முதல் பகுதியை எடுத்துவிட்டார்கள். ‘ஆ’ இப்போது ‘அ’ ஆனது, ‘இ’ இப்போது ‘ஆ’ ஆனது. நான் என்ன செய்தேன்? புதிய கேள்வித் தாளை மேலே வைத்து, பழைய பதில் தாளைக் கீழே குத்தி, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, புதன்கிழமை மாலை கடைசி நேரத்தில் கோட்டைக்கு அனுப்பினேன். கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் செய்கிற வேலை இது.

வியாழன் காலை எட்டு மணி. அன்றுதான் கேள்வி சபைக்கு வருகிறது. சபை நடக்கும் நாட்களில் கோட்டையிலிருந்து போன் வரும் என்று சீக்கிரம் வந்துவிடுவேன். துப்புரவுப் பணியாளர் அங்காளம்மாள் துடைப்பத்தோடு என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். அவள் மகள் ஓவியா இங்கேதான் பி.காம். இரண்டாம் வருடம்.

“யக்கா, நம்ம கக்கூஸ் மேட்டரு இன்னிக்கு கோட்டைல வருதாமே. இன்னா எழுதிக்கீற? படி, கேப்போம்.”

பெருமையாகப் பிரதியை எடுத்துப் படித்தேன். “வளாகத்தை மூடி வேறொன்றோடு இணைக்கும் எண்ணம் அரசிடம் உள்ளதா? ஆம். கழிப்பறைகள் கட்டித் தரப்படுமா? இல்லை.”

அங்காளம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். “இன்னாக்கா, மூடுவியான்னு கேக்குறான், ஆமாங்குற?”

 மூன்று கையெழுத்து விழுந்த தாளில் எங்கள் ஒருவர் கண்ணுக்கும் தெரியாதது, துடைப்பம் பிடித்தவளின் காதுக்கு ஒரே தடவையில் கேட்டுவிட்டது. ஏனென்றால் கேள்வியையும் பதிலையும் சேர்த்துப் படித்தது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும்னா ஓவியாவ அவுங்கப்பன் அனுப்பமாட்டான்க்கா. இப்பவே மாப்புள பாத்துகினுதான் கீறான்,” என்றாள்.  சபையில் அமைச்சர் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் அது மதியத்துக்குள் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடும். பிறகு திருத்தம் போட்டு என்ன பயன்? இந்த வருடம் இங்கே சேர யார் விண்ணப்பம் போடுவார்கள்? ஆள் சேராத வளாகத்தை நிஜமாகவே மூடிவிடுவார்கள்.

கோட்டையில் எங்கள் துறையின் பிரிவு அலுவலர் ஜெனிக்குப் போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தாள்.

“மேடம், கோப்பு அமைச்சர் மேசைக்குப் போயாச்சு. இனிமே அதிகாரிகள் மாடத்துலேர்ந்து துண்டுச் சீட்டுதான் அனுப்ப முடியும். நீங்க வாட்ஸ்அப்ல அனுப்பறதைப் பார்த்து நானா எழுதினா நாளைக்கு என் தலை உருளும். நீங்க வந்து உங்க கையால எழுதி, கையெழுத்துப் போடுங்க. ஒன்பதரைக்குக் கேள்வி நேரம். நம்மளது அஞ்சாவது.”

துரைராஜ் சாருக்கும் சொன்னேன். “நான் குரோம்பேட்டை சிக்னல்ல நிக்கறேன்மா. என் கையெழுத்து எங்கயாவது வேணுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயிலில் கோட்டை. மகளிர் பெட்டியில் நின்றபடியே என்னைத் திட்டிக்கொண்டு போனேன். அந்த நாலு பதில்களைத் தவிர எல்லா வார்த்தையும் வாயில் வந்தது. கிண்டியில் ஏறிய ஒரு பெண் “உட்காருங்க ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?” என்று எழுந்து இடம் கொடுத்தாள். அழுகை வந்துவிட்டது.

வாசலில் ஜெனி அனுமதிச் சீட்டோடு நின்றாள். மணி ஒன்பது நாற்பது. ஓட்டமும் நடையுமாக அவள் பிரிவுக்குப் போனோம். மூலையில் தொலைக்காட்சியில் சபை ஓடிக்கொண்டிருந்தது. ஜெனி உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

“பெரிய எழுத்துல எழுதுங்க. கேமரா முன்னாடி அமைச்சர் கண்ணாடி போடமாட்டார்.”

எழுதினேன். ‘(அ) வளாகம் மூடல் - இல்லை. (ஆ) கழிப்பறை கட்டுவது -’ அதற்குள் தாள் முடிந்துவிட்டது. அலுவலகப் பழக்கம், ஓரத்தில் சின்னதாக ‘பி.பா.’ என்று போட்டேன். பின்பக்கம் பார்க்க. திருப்பி, ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெனி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

நான் தொலைக்காட்சி முன்னால் தனியாக நின்றேன். நாலாவது கேள்வி நடந்துகொண்டிருந்தது, அதுவும் வளாகத் தகராறுதான். தென் மாவட்ட உறுப்பினர் ஒருவர், “எங்கள் ஊரில் பல்கலைக்கழக வளாகத்துக்கு நிலம் கொடுத்துப் பத்து ஆண்டு ஆகிறது, பெயர்ப்பலகை மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது” என்றார். “பலகை வைத்ததே நாங்கள்தான்” என்றார் எதிர்வரிசையில் ஒருவர். “பலகையில் எழுத்துப் பிழை” என்றார் வேறொருவர். சபை சிரித்தது. “உட்காருங்க, உட்காருங்க, எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு” என்று பேரவைத் தலைவர் கெஞ்சினார். வேறு நாளாக இருந்தால் இந்தக் கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு, இன்னும் பேசுங்கள் சாமி, நன்றாகச் சண்டை போடுங்கள் என்று கும்பிட்டேன். அவர்கள் பேசப்பேச என் சீட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

“வினா எண் ஐந்து.”

அமைச்சர் எழுந்தார். கோப்பைப் பிரித்தார். அந்தத் தாளைத்தான் பார்க்கிறார், என் ‘ஆம்’ இருக்கும் தாள். வாயைத் திறக்கும் நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு கை சீட்டை நீட்டியது. அமைச்சர் அதை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். 

“பேரவைத் தலைவர் அவர்களே, (அ) இல்லை. அனகாபுத்தூர் வளாகம் மூடப்படாது.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எங்கள் உறுப்பினர் மேசையைத் தட்டினார், பக்கத்து வரிசையும் தட்டியது. அமைச்சர் மறுபடி சீட்டைப் பார்த்தார். திருப்பவில்லை.

“(ஆ) கழிப்பறை கட்டுவது...” என்று படித்து நிறுத்தினார். மேசைத் தட்டல் ஓயவே இல்லை. அமைச்சரின் முகத்தில் புன்னகை வந்தது. “கட்டித் தரப்படும்.”

உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டார். “எப்போது என்று அமைச்சர் அவர்கள் தெரிவிப்பாரா?”

“வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள்.”

இரண்டு பக்கமும் மேசை அதிர்ந்தது. பரிசீலனையும் நிதிநிலையும் சீட்டின் பின்பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன.

ஜெனி திரும்பி வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஒரு தப்பைத் திருத்த வந்து இன்னொரு தப்பு பண்ணிட்டேனே ஜெனி!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “விடுங்க மேடம். சபையில சொன்னது உறுதிமொழி. இனிமே உறுதிமொழிக் குழு விடாது. கட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நேர்லயும் வந்து பார்ப்பாங்க.” கோப்போடு திரும்பி வந்த சீட்டை என் கையில் வைத்தாள். “உங்க ஆபீஸ் காகிதம். உங்க கோப்புலயே வச்சுக்குங்க.”

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோட்டை ரயில் நிலையத்து நடைமேடையில் உட்கார்ந்து, காலையில் கட்டிக்கொண்டு வந்த நாலு இட்லியையும் தின்றேன். அவ்வளவு ருசியான இட்லி என் கையால் அதுவரை வந்ததில்லை. அப்புறம் அங்காளம்மாளுக்குப் போன் போட்டேன்.

“மூடலை,” என்றேன்.

 அந்தப் பக்கம், “ஏய் ஓவியா! மூடலயாம்டி!” என்று ஒரு கத்தல். வகுப்பறைகளிலிருந்து எழுந்த கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“யக்கா, அப்போ நம்ம கக்கூஸு?”

“கட்டறாங்க. ஜூனுக்குள்ள.”

“மெய்யாலுமா? நீயா எழுதின?”

“நான் வேற எழுதினேன் அங்காளம்மா. அது பின்னாடி இருக்கு.”

அவளுக்குப் புரியவில்லை. புரியவும் வேண்டாம்.

மதியம் துரைராஜ் சார் முன்னால் சீட்டை வைத்து நடந்ததைச் சொன்னேன். மனிதர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் படித்தார். முன்பக்கம் படித்தார். ‘பி.பா.’வைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

“கோப்புல வைக்கணும் இல்லையாம்மா?” என்றார்.

“ஆமா சார்.”

மேசை இழுப்பறையிலிருந்து பசை டப்பாவை எடுத்தார். சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரு எழுத்து விடாமல் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, கோப்பின் தாளில் அழுத்தி ஒட்டினார். காயும் வரை கட்டைவிரலை எடுக்கவே இல்லை.