பெயிண்ட் இல்லாத தகடு

மாதங்கிக்கு இயந்திரத்தின் மேல் நம்பிக்கை கொஞ்சம். மனிதர்கள் மேல் அதுவும் கிடையாது. 2004 மார்ச்சில் ஒரு காலை, ஜனக்புரி வீட்டிலிருந்து கிளம்பிவந்து, நகரத்து ஓரத்தில் ஒரு தனியார் சரக்குக் கிடங்கின் தண்டவாளத்தில் தன் சோதனை டிராலியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதில் மூன்று சென்சார்கள். ஒன்று இரும்புக்குள் ஒலியலை அனுப்பும், ஒன்று அதிர்வை அளக்கும், மற்றது படம் பிடிக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இது விரிசல், இது இணைப்பு என்று ஒரு பெட்டி வகைபிரித்துச் சொல்ல வேண்டும்.

நானூறாவது மீட்டரில் ஒலியலை விரிசல் என்றது. அதிர்வு ஒன்றுமில்லை என்றது. கேமரா, இரண்டு தண்டவாளங்களை இணைக்கப் போடுவதுபோல் பக்கவாட்டில் இருந்த இரும்புத் தகட்டைப் பார்த்து இணைப்பு என்றது. பெட்டி கூசாமல் 'இணைப்பு, குறையில்லை' என்று எழுதியது.

வரைபடத்தில் அங்கே இணைப்பே கிடையாது. குனிந்து பார்த்தாள். தகட்டுக்கு மேலே மயிரிழைபோல ஒரு விரிசல். விரிசலுக்குத் தகடு போட்டால் விரிசலின் இரண்டு முனையிலும் மஞ்சள் பெயிண்டில் கோடு இழுத்துத் தேதி போட வேண்டும். விரிசல் கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று தெரியும். இங்கே ஒரு சொட்டு பெயிண்ட் இல்லை. மூடி மறைத்திருக்கிறார்கள், வேறென்ன! அங்கிருந்தே கிடங்கு மேனேஜர் சுந்தரேஷுக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க கீமேன் விரிசலை ஒளிச்சு வெச்சிருக்கார்."

"அழகர்சாமியா? கான்ட்ராக்ட் ஆள்தானே, இன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிடறேன்."

தினமும் தண்டவாளத்தோடு நடந்து போல்ட் முடுக்கும் அழகர்சாமி, ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு சாவகாசமாக வந்தார். அந்தச் சாவகாசமே அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

"இந்த பிளேட் எப்போ போட்டீங்க? சச் சச், உண்மையைச் சொல்லுங்க."

"போன செவ்வாக்கெழம மேடம். சூப்பர்வைசர்ட்டயும் சொல்லிட்டேன். அவரு லீவுல ஊருக்குப் போயிருக்காரு."

"பெயிண்ட் எங்கே?"

"போட்டிருந்தேன். நேத்து நாந்தான் மண்ணெண்ண விட்டுத் தொடச்சேன்."

"எதுக்கு?"

"சோதனைக்கு முந்தி குறி எல்லாத்தயும் அழிக்கணும், இல்லாட்டி கேமரா அதப் பாத்துக் காப்பியடிச்சிரும்னு உங்க ஆபீஸ் காயிதத்துல இருக்காம்ல? இது மட்டும் இருக்கட்டுமேன்னு இங்க ஆபீஸ்ல கேட்டுப் பாத்தேன். எல்லாத்தயும்னு போட்டிருக்குன்னுட்டாங்க."

அந்தக் காகிதத்தை எழுதியவளே அவள்தான். 'எல்லாவற்றையும்' என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

கிடங்கு வாசலிலிருந்து காவலாளி கையசைத்தான். "ஆபீஸ்ல கூப்பிடறாங்க," என்று அழகர்சாமி நகர்ந்தார்.

"போகாதீங்க, நில்லுங்க." அவசரமாக மறுபடி எண்ணை அழுத்தினாள். "சார், அழகர்சாமி மேல தப்பே இல்ல."

தன்னைப் பற்றிப் புகார் போயிருக்கிறது என்பது அழகர்சாமிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பின்னே யார் மேல?" என்றார் சுந்தரேஷ்.

"என் மேல சார்."