மூணு மணிக்கு எழுப்பு

தமிழ்வாணி வீடு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு முடிய வேண்டிய நைட் டூட்டி. அவளை மாற்ற வேண்டிய பெண் வரவில்லை. ஐசியுவில் அடுத்த ஆள் வராமல் கிளம்ப முடியாது. வேறு வார்டிலிருந்து ஒருத்தியைப் பிடித்து அனுப்பும்வரை இவள்தான் நிற்க வேண்டும், நின்றாள். மறுபடி ராத்திரி எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். யூனிஃபார்மோடு கட்டிலில் விழுந்தாள். விழுந்த பிறகுதான் வாய் திறந்தது.

"மூணு மணிக்கு எழுப்பு. மறந்துராத பாண்டி."

அவள் புருஷன் நான், பால்பாண்டி. அதே ஆஸ்பத்திரியில், அதே ஐசியுவில் நானும் நைட் பார்த்தவன். அங்கேதான் பழகினோம், கல்யாணம் செய்தோம். போன வருடம் நான் வேலையை விட்டுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, தூக்கம் போய்விட்டது. பகலில் படுத்தால் ஃபிரிட்ஜின் இரைச்சல் மானிட்டர் அலாரமாகக் கேட்கும். எழுந்து போய் அதன் முன்னால் நிற்பேன். ஒருநாள் கதவைத் திறந்து தக்காளியின் மேல் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறேன். ராத்திரியில் இன்னமும் விழித்துத்தான் கிடக்கிறேன். அதற்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே வீடு, ஒரே கட்டில். நான் கடைக்குக் கிளம்பும்போது அவள் வருவாள். நான் திரும்பும்போது அவள் கிளம்புவாள். மாடிப்படியில் பார்த்துக்கொள்வோம். ரசம் இருக்கிறது, கேஸ் வரும், தண்ணீர் மோட்டாரை நிறுத்து. பேச்சு அவ்வளவுதான். வார்டில் நோயாளியை ஒப்படைப்பதுபோல வீட்டை ஒப்படைத்துக்கொள்கிறோம். வார ஆஃப் அன்று அவள் உடம்பு மட்டும் வீட்டில் இருக்கும். ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு போன் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பாள், விடியும்போது தூங்குவாள். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரியில் பக்கத்தில் ஒருத்தி மூச்சு விடுவது கேட்க வேண்டும். மெஷின் துணை இல்லாமல்.

அதற்கு ஒரு வழி வந்திருந்தது. வெளிநோயாளிப் பிரிவில் பகல் வேலை ஒன்று காலி. சம்பளம் கொஞ்சம் குறையும், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். வாணி கேட்டிருந்தாள், கூட வேலை பார்க்கும் அன்னக்கொடியும் கேட்டிருந்தாள். முடிவு மேட்ரன் ஜெயினம்பு கையில். அந்த அம்மா அன்று சாயங்காலம் உம்ராவுக்கு மெக்கா கிளம்புகிறார், அதற்கு முன் ஆளைப் போட்டுவிட்டுப் போவார். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. எது வேண்டுமானாலும் யூனிஃபார்மில் நேரில் வந்து நின்று கேட்க வேண்டும். போனில் கேட்டாலும் இல்லை, புருஷனை அனுப்பினாலும் இல்லை. மீட்டிங் முடிந்து மூணு மணிக்கு மேல்தான் உட்காருவேன், நாலு மணிக்குள் வா, உனக்குத்தான் முதலில் என்று காலையில் வாணியிடம் சொல்லியிருக்கிறார். அங்கேயே காத்திருக்க வாணிக்குக் காலில் பலம் இல்லை. இரண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டாள்.

நான் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். பைக்கில் பெட்ரோல் இருந்தது. மூணு மணிக்கு எழுப்புவது மட்டும்தான் எனக்கு வேலை.

அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் கவிழ்த்து வைத்தேன். அது எங்கள் ஆஸ்பத்திரி ஹாஸ்டல் பழக்கம். அறை வாசலில் செருப்பு கவிழ்ந்து கிடந்தால் உள்ளே நீண்ட டூட்டி முடித்த ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். கதவைத் தட்டக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சாவுச் செய்தியாக இருந்தால்கூடச் செத்தது சொந்தமா, தூரத்து உறவா என்று விசாரித்துவிட்டுத்தான் எழுப்புவார்கள். அங்கே எத்தனையோ விதிகளை மீறுவோம். இதை மட்டும் யாரும் மீறிப் பார்த்ததில்லை.

கீழ்வீட்டு முத்துத்தாய்க்கு இது பிடிக்காது. வீட்டுக்காரம்மா. துணி காயப்போட மாடிக்கு ஏறும்போதெல்லாம் செருப்பை நிமிர்த்திவிட்டுப் போவார். அன்றும் நிமிர்த்தினார்.

"செருப்பக் கவுத்துப் போட்டா வீட்ல சண்ட வரும்னு எம்புட்டுத் தடவ சொல்றது?"

வாணி தூங்குகிறாள், மெதுவாகப் பேசுங்கள் என்றேன்.

"அவ எப்பத்தான்யா முழிச்சிருந்தா? குடி வந்து ரெண்டு வருசமாச்சு, எனக்கு அவ முதுகுதான் தெரியும். மூஞ்சிய ஒருநா காட்டச் சொல்லு."

சிரித்துக்கொண்டே இறங்கினார். நான் செருப்பை மறுபடி கவிழ்த்தேன்.

ஆடி மாதத்துப் பகலில் மதுரையில் ஒரு ஆளைத் தூங்க வைப்பது லேசான காரியமில்லை. தெரு முனைக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஸ்பீக்கர் எங்கள் மாடியைப் பார்த்துக் கட்டியிருந்தது. போய்ப் பேசி வேறு பக்கம் திருப்ப வைத்தேன். பழைய இரும்பு வாங்குகிறவனின் வண்டி ரெக்கார்டு போட்டுக்கொண்டு வந்தது. கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். வீட்டில் துக்கமா அண்ணே என்று கேட்டான், ஆமாம் என்றேன். காலிங் பெல்லின் பேட்டரியைக் கழற்றினேன். ஃபிரிட்ஜையும் அணைத்தேன்.

எல்லாம் செய்துவிட்டு உள்ளே வந்தால் மணி மூன்றை நெருங்கியிருந்தது.

கட்டிலருகே போய் நின்றேன். வாணி தூங்குவது எனக்குத் தெரியும், ஆனால் இப்படி அல்ல. வழக்கமாகப் பகலில் அவளுடைய கால் துடித்துக்கொண்டே இருக்கும். கட்டைவிரல் சுட்டுவிரல் மேல் உருளும், டிரிப்ஸ் சக்கரத்தைத் திருப்புவதுபோல. கண் இமைக்குள் விழி அலையும். எதற்கோ திடுக்கிட்டு எழுந்து எந்த பெட் என்பாள். தூங்கி எழுந்தவள்போல ஒருநாளும் எழுந்ததில்லை. அன்று கால் அசையவில்லை. விரல் விரிந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது, தலையணையில் எச்சில் வடிந்து ஒரு வட்டம். குறட்டை விட்டாள். குறட்டை இறங்கி இறங்கி எங்கோ ஆழத்தில் தொட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தது. கல்யாணமான புதிதில் அவள் இப்படித் தூங்கிப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"வாணி. மூணாச்சு."

"ஆங், வாரேன் டாக்டர்" என்றாள். கண் திறக்கவில்லை. அந்தப்பக்கம் புரண்டு, குறட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். கையை வைத்தேன். உலுக்கினால் எழுந்துவிடுவாள், அதில் சந்தேகமே இல்லை. இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. நாளையிலிருந்து ராத்திரி என் பக்கத்தில் இருப்பாள். நான் கேட்டது அதுதான். ஆனால் கைக்குக் கீழே அந்தத் தூக்கம் இருந்தது. எனக்கு வராத தூக்கம். மாத்திரை போட்டும் வராதது. அதை உடைக்க என்னால் முடியவில்லை. இன்னும் பத்து நிமிடம் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி பத்து நிமிடம் என்று நினைத்தேன்.

மூன்றரைக்கு மேல் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து மேட்ரனுக்குப் போன் செய்தேன். அவர் எடுத்ததே ஆச்சரியம். வாணியால் வர முடியவில்லை, அவளுக்காக நான் கேட்கிறேன் என்றேன்.

"அவ எங்க?"

"தூங்குறா மேடம்."

"எழுப்பு."

"எழுப்ப முடியல."

"முடியலயா, மனசு வரலயா?"

அந்தப் பக்கம் யாரோ பெட்டியை இழுக்கும் ஓசை கேட்டது.

"நானும் நைட் பாத்தே நரைச்சவதான் பாண்டி" என்றார். "தூங்கட்டும். ஆனா இது காத்திருக்காது. அன்னக்கொடி வெளிய நிக்கிறா, யூனிஃபார்மோட. நான் என்ன செய்ய?"

நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள் என்று சொன்னேன். இருவருக்காகவும் துஆ செய்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து தரையில், கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தேன். நாலு மணி அடித்து முடிந்தது. இனி எழுப்புவதற்குக் காரணமே இல்லை. மேலே அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் ராத்திரி என்றே சொல்லலாம். ஒரு சாயங்காலம் முழுக்க அப்படிக் கிடந்தேன். தூங்கவில்லை. தூங்கத் தோன்றவும் இல்லை.

வெளிச்சம் சரிந்து அறை சாம்பல் நிறமானபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள். திடுக்கிடவில்லை. கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாள். ஜன்னல் திரையை விலக்கி வானத்தைப் பார்த்தாள். கிழக்கா மேற்கா என்று தெரியாதபடி ஒரு மங்கல் சிவப்பு. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. நைட் பார்க்கிறவர்களுக்கு பாங்கு என்றால் விடியல் பாங்குதான். அதைக் கேட்டால் ராத்திரி முடிந்தது என்று உடம்பே சொல்லும்.

"விடிஞ்சிருச்சா?" என்றாள்.

நான் தரையிலிருந்து அவளைப் பார்த்தேன். முகம் உப்பி, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, சின்னப் பெண்போல இருந்தாள்.

"ம்" என்றேன்.

"ராத்திரி பூராவா தூங்குனேன்? நீயும் தூங்குனியா?"

"ம்."

சிரித்தாள். பல் தேய்த்தாள். அவளே காப்பி போட்டாள். டம்ளரோடு மாடிப்படி உச்சியில் வந்து உட்கார்ந்தோம். அவள் பேச ஆரம்பித்தாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மூன்றாவது பெட் தாத்தா குழாயை எடுத்த உடனே பரோட்டா கேட்டதைச் சொன்னாள். ஜன்னலுக்கு வேறு திரை வாங்க வேண்டும் என்றாள். இன்று சந்தைக்குப் போகலாமா, நீ கடைக்குப் போகாதே என்றாள். தோளில் சாய்ந்தாள். மேட்ரனைப் பற்றி அவளுக்கு இன்னும் நினைவு வரவில்லை. தூக்கத்தின் கலக்கம் போகும்வரைதான் இது, எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தைக்குப் போகலாம் என்றேன். என்ன வாங்கலாம் என்று கேட்டேன். வெண்டைக்காய் என்றாள்.

விடியலென்றால் வெளிச்சம் கூடியிருக்க வேண்டும். குறைந்தது. எதிர் வீட்டு மாடியில் காயும் புடவையின் நிறம் போய்க்கொண்டிருந்தது. தெருவில் பிள்ளைகள் டியூஷன் பையோடு வந்தார்கள். அவள் பேச்சு நடுவில் நின்றது. பிள்ளைகளைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். தன்னுடைய யூனிஃபார்மைக் குனிந்து பார்த்தாள்.

"மணி என்ன?"

சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். என் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள்.

"எழுப்பலயா நீ?"

"எழுப்புனேன். வாரேன் டாக்டர்னு சொன்ன."

"எழுப்பலன்னு சொல்லு."

"எழுப்பல."

மேட்ரனிடம் பேசியதைச் சொன்னேன். அன்னக்கொடிக்குப் போய்விட்டது என்றேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. வார்டில் ரிப்போர்ட் சொல்லும் குரலில் பேசினாள்.

"உனக்குத் தூக்கம் வரலன்னு வேலைய விட்டுட்டு வந்த. நான் ஒரு வார்த்த கேட்டேனா? எனக்கு இருந்தது ஒரு வழி. அதயும் நான் தூங்குறத வேடிக்க பாத்துக்கிட்டே அடச்சிட்ட."

"கல்யாணமான புதுசுக்கு அப்புறம் நீ அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல வாணி."

"தெரியும்" என்றாள். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்து, "நல்லாத்தான் தூங்குனேன். அதான் உன்னைத் திட்டக்கூட முடியல" என்றாள்.

குளித்து வேறு யூனிஃபார்ம் போட்டாள். நான் பிசைந்து கொடுத்த தயிர்ச்சோற்றை நின்றபடியே சாப்பிட்டாள். பஸ்ஸில் போகிறேன் என்றாள், நான் பைக்கை எடுத்தேன். ஏறிக்கொண்டாள். மாட்டுத்தாவணி அருகே பஸ்ஸும் பூ ஏற்றிய வேனும் அடைத்துக்கொண்டு வண்டி நகரவில்லை. முன்பெல்லாம் இந்த நெரிசலில் ஹாரன் அடித்தே செத்திருப்பேன். அன்று சும்மா நின்றேன். அவள் நெற்றியை என் முதுகில் வைத்திருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"முழிச்சுத்தான் இருக்கேன்" என்றாள். "மெதுவாவே போ."

மெதுவாகவே போனேன்.

ஆஸ்பத்திரி கேட்டில் இறங்கிப் பையை மாட்டிக்கொண்டாள். அடுத்த தடவை தலையில் தண்ணீரை ஊற்று என்றாள். சரி என்றேன். செய்ய மாட்டாய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் கிளம்பவில்லை. எதிரே டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் டூட்டி முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். போனில் சிரித்துக்கொண்டும், ஷேர் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்திக்கொண்டும், கொண்டையைத் தளர்த்தி மறுபடி முடிந்துகொண்டும். கடைசியாக மதியம் வேறு வார்டிலிருந்து வந்து ஐசியுவில் பகலைப் பார்த்த முத்துமீனா வெளியே வந்தாள். அவள் வந்துவிட்டாள் என்றால் வாணி பொறுப்பை வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். அண்ணே, இங்கன என்ன நிக்கிறீங்க என்று முத்துமீனா கேட்டாள். சும்மா என்றேன். வண்டியைக் கிளப்பினேன்.