மெம்ச்சாவின் தொண்ணூறு மில்லி

என் நாத்தனார் ஒய்னாம் மெம்ச்சா பதினோரு வருடமாகப் பளு தூக்குகிறாள். காமன்வெல்த்தில் இரண்டு தங்கம், ஆசியப் போட்டியில் ஒரு வெண்கலம். எங்கள் ஊர் காக்சிங்கில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் கைக்குழந்தைகூடக் காட்டும்.

யாவ்ஷாங் பண்டிகையின் இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, டெல்லியிலிருந்து ஊக்கமருந்துச் சோதனைக்கு ஓர் அதிகாரி வந்து இறங்கினார். கோத்தியால் என்று பெயர், ஒல்லியான பெண். தொண்ணூறு மில்லி சிறுநீர் வேண்டும், அதுவரை மெம்ச்சா தன் பார்வையை விட்டு நகரக் கூடாது, கொடுக்கும்போதும் தான் கூடவே நிற்க வேண்டும் என்றார்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா மேடம்? இப்பத்தான் போயிட்டு வந்தேன்" என்றாள் மெம்ச்சா.

மாமியார் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். விஷயம் பரவியதும் பக்கத்து வீடுகளிலிருந்தும் செம்புகள் வந்தன. மதியத்துக்குள் மெம்ச்சா நாலு லிட்டர் குடித்து முடித்ததும், அவளும் கோத்தியாலும் குளியலறைக்குள் போனார்கள். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து மெம்ச்சாவின் குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, நாலாயிரம் பேர் பாக்க நூத்திப் பத்து கிலோ தூக்கியிருக்கேன். ஒருத்தர் பாக்க இது வரமாட்டேங்குது."

"வெளிக்குழாயத் தெறந்து விடவா?"

"சீக்கிரம் தெறங்க."

வந்தது. கோத்தியால் ஒரு சொட்டை எடுத்துச் சின்னக் கருவியில் விட்டுப் பார்த்தார். "ரொம்பத் தண்ணியா இருக்கு. செல்லாது. மறுபடியும் வேணும்."

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பொண்ணோடது செல்லாதா? இதவிட நல்லதா எந்த வீட்டுல குடுத்தாங்க, சொல்லுங்க!"

எங்கள் தெரு மன்றத்தின் செயலாளர் ஜுகிந்த்ரோ உடனே ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மெம்ச்சாவுக்கு யாரும் தண்ணி குடுக்காதீங்க! டீயும் கூடாது, தர்பூசணியும் கூடாது! இது நாட்டு மானம்!"

இரண்டு மணிக்கு இன்னொரு முறை போனார்கள். அதுவும் செல்லவில்லை. உடம்பிலிருக்கும் தண்ணீர் வேர்வையாகப் போனால்தான் சரிப்படும் என்று ஜுகிந்த்ரோ தீர்ப்புச் சொன்னார். மைதானத்தில் பண்டிகை விளையாட்டுக்காகப் பெண்களின் கயிறு இழுக்கும் போட்டி தயாராக இருந்தது. கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறுபக்கம். மெம்ச்சாவுக்கு இருபத்தெட்டு வயது, ஆகாதவர்கள் பக்கம் கயிற்றின் கடைசி ஆள். கல்யாணமான எங்கள் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல்.

"மேடம், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார் ஜுகிந்த்ரோ.

"ஆச்சு. ஆனா நான் டியூட்டியில இருக்கேன்."

"எதிரணியில நின்னீங்கன்னா அவள நேருக்கு நேராப் பாத்துக்கிட்டே இருக்கலாமே!"

கோத்தியால் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கயிற்றைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். விசில் ஊதியதுதான் தெரியும். பன்னிரண்டு பேரும் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தோம். கோத்தியால் அந்த நிலையிலும் தலையைத் தூக்கி மெம்ச்சாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

மூன்று முறை இழுத்தோம், மூன்றிலும் தோற்றோம். மெம்ச்சாவுக்கு வேர்வை ஆறாக ஓடியது. நாலரை மணிக்குக் கொடுத்தது செல்லும் என்றார் கோத்தியால். மைதானமே கைதட்டியது. புட்டிகளுக்கு முத்திரை வைத்த பிறகு கையெழுத்துக்கு ஒரு படிவத்தை நீட்டினார். அதன் கடைசியில் 'வீராங்கனையின் கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. மெம்ச்சா எதையும் காலியாக விடுகிறவள் அல்ல. 'இரண்டாவது இழுப்பில் எதிரணி கயிற்றைச் சீக்கிரமே விட்டுவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் கோத்தியால்.

"கருத்து கேட்டிருக்கீங்களே மேடம்? உண்மையத்தான எழுதணும்?"

சோதனை முடிவில் ஒரு குறையும் இல்லை. ஜூலையில் மெம்ச்சா இன்னொரு தங்கம் வாங்கினாள். ஆகஸ்டில் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: மேற்படி எதிரணியில் இருந்தவர்கள் யார் யார்? ஜுகிந்த்ரோ பெருமையோடு பன்னிரண்டு பெயர்களையும் தட்டச்சுச் செய்து அனுப்பிவைத்தார்.

இப்போது நாங்களும் சோதனைப் பட்டியலில் இருக்கிறோம். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் அதிகாரி தேடி வர வசதி. நாளைக் காலை ஆறிலிருந்து ஏழுவரை மீன் சந்தையில், கருவாட்டுக்காரிக்கு எதிரே இருப்பேன் என்று எழுதியிருக்கிறேன். கோத்தியாலும் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று கேள்வி.