பெட்டி ஒட்டும் ஊரில் ஏழு பேர்

செய்யது அலிக்கு மழை என்றால் ஆகாது. கரிசல்காட்டில் இருந்துகொண்டு மழை வேண்டாம் என்கிறவனை ஊரே கல்லால் அடிக்கும் என்பதால் அதை அவர் வெளியே சொன்னதில்லை. ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, அவர் பெட்டி ஏஜெண்டு. மெல்லிய மரச் சில்லையும் நீலக் காகிதத்தையும் வண்டியில் ஏற்றிக் கருங்காட்டூருக்குக் கொண்டுபோவார். ஊர்ப் பெண்கள் பசை காய்ச்சி வீட்டிலேயே பெட்டி ஒட்டி வைப்பார்கள். வெறும் பெட்டிதான், குச்சியும் மருந்தும் ஆபீசோடு சரி. சனிக்கிழமை போய், நூற்று நாற்பத்துநாலு பெட்டி கொண்ட குரோசுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து எடுத்து வருவார். கயத்தாறு ரோட்டிலிருந்து ஊருக்கு மூன்று மைல் வண்டிப்பாதை. ஒரு மழை விழுந்தால் போதும், கரிசல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மாடு முழங்கால்வரை இறங்கிவிட்டு, இனி உன் பாடு என்பதுபோல் நம்மைத் திரும்பிப் பார்க்கும். கார்த்திகை முடிய வேலை நிற்கும். போன வருசமே முதலாளி சொல்லிவிட்டார், அடுத்த மழைக்கும் பெட்டி நின்றால் ஏஜெண்டு வேலை வேறு ஆளுக்கு என்று.

அறுபத்திரண்டில் பஞ்சாயத்து யூனியன் ஒரு திட்டம் போட்டது. எந்த ஊரில் நூறு பேருக்குக் குறையாமல் கைத்தொழிலில் பிழைக்கிறார்களோ அந்த ஊருக்கு மழைக்கு முன்னால் சரள் ரோடு. செய்யது அலி அன்றைக்கே மனு கொடுத்தார். கருங்காட்டூரில் பெட்டி ஒட்டாத வீடு ஏது? கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாலும் நூறு தாண்டும்.

ஆவணியில் யூனியன் குமாஸ்தா போய் எண்ணினார். பத்து நாளில் பதில் வந்தது. கருங்காட்டூரில் கைத்தொழில் செய்வோர் ஏழு பேர்: கொல்லர் இரண்டு, தச்சர் ஒன்று, குயவர் நாலு.

என்ன நடந்தது என்று அவருடைய வண்டிக்காரர் பிச்சையா சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிச்சையாவுக்குக் கருங்காட்டூர்தான் சொந்த ஊர். குமாஸ்தாவின் குடை ஊர் எல்லையில் தெரிந்ததுமே பெண்கள் பெட்டியையெல்லாம் தானியக் குலுக்கைக்குள் போட்டு மூடிவிட்டார்களாம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்குக் களையெடுப்பு என்றார்களாம். கரிசலில் விதைப்பே புரட்டாசிக்குப் பிறகுதான். ஆவணியில் எந்தக் களையை எடுக்க? குமாஸ்தா தஞ்சாவூர்க்காரர். தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

செய்யது அலிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வாயே தனக்கு வினை. பத்து வருசத்துக்கு முன்னால் அவர்தான் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். "பேனாவும் காகிதமுமா எவன் வந்தாலும் பெட்டிய ஒளிச்சிருங்க தாயி. வரி போட்டுருவான்." வரியும் கிடையாது, கிரியும் கிடையாது. வேறு ஏஜெண்டு மோப்பம் பிடித்து வந்து கூடுதல் கூலி சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு.

யூனியன் ஆணையரைப் போய்ப் பார்த்தார். கோபப்படாத மனிதர்.

"வியாழக்கிழமை இன்னொரு தடவை எண்ணச் சொல்றேன். அப்பவும் ஏழுதான்னா ரோடு வேற ஊருக்குப் போயிடும். அப்புறம் பாய், பேர்ப் பட்டியலை ஆபீஸ் போர்டுல ஒட்டுவோம். எந்த ஊர்ல எத்தனை கை இருக்குன்னு எல்லா முதலாளியும் பார்க்கணும். ரோடு போடுறதே அதுக்குத்தானே?"

வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எந்த நரிக்குப் பயந்து பத்து வருசம் கோழியை அடைத்து வைத்தாரோ, அந்த நரிக்கே இனி பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி அமீனா பீவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ரோடு வந்தா எல்லா வண்டியும்தான் வரும். வராட்டி நம்ம வண்டியும் போகாது. பொறவு என்னத்த யோசிக்கீக?"

மறுநாள் ஊர் மடத்து வாசலில் பெண்களைக் கூட்டினார். வியாழக்கிழமை வருகிறவரிடம் பெட்டியை மறைக்க வேண்டாம் என்றார்.

"அப்ப வரி?" என்று கேட்டாள் சங்கரம்மாள். "எடுத்துட்டாகளா?"

ஆமாம், போன வாரம்தான் சர்க்கார் எடுத்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் மரியாதை மிஞ்சும். அவ்வளவு பேரும் அவர் முகத்தையே நம்பிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வரி எப்பவுமே கிடையாது தாயி. நாந்தான் பொய் சொன்னேன். வேற ஏஜெண்டு இங்கன வந்திரக்கூடாதுன்னு சொன்னேன்."

யாரும் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். ஊரிலேயே கைவேகம் கூடிய வெயிலுகந்தம்மாள் மட்டும் மெல்லக் கேட்டாள்:

"குலுக்கைக்குள்ள கெடந்து எலி கடிச்ச பெட்டிக்கெல்லாம் எங்க கூலியிலதானே பிடிச்சீக, பாய்?"

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பெட்டியைக் காட்டுகிறோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை குமாஸ்தாவுக்குப் பின்னால் ஊருக்குள் நுழைந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பெட்டி ஒட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நூற்று நாற்பத்தாறு பேர். செய்யது அலிக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலுகந்தம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்காக உக்காரல, பாய். மழையில பிள்ளத்தாச்சியக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு ஓடுதவுக நாங்கதான்."

ஐப்பசியில் மழை பிடிக்கும்போது கடைசி அரை மைல்தான் பாக்கி. அதையும் நனைந்துகொண்டே போட்டு முடித்தார்கள். அடுத்த சனிக்கிழமை, தூறலில், செய்யது அலியின் வண்டி சரளில் நறநறவென்று ஓடியது. மழையில் அவர் சிரித்ததைப் பிச்சையா அன்றைக்குத்தான் பார்த்தார்.

மடத்து வாசலில் இரண்டு வண்டிகள் முன்னாலேயே நின்றன. ஒன்று வேறு தீப்பெட்டி ஆபீசுடையது, இன்னொன்று கூட்டுறவு சங்கத்துடையது. சிரிப்பு நின்றுவிட்டது. வெயிலுகந்தம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வாங்க பாய். அவிய ரெண்டு பேரும் கூலி சொல்லிட்டாக. ரெண்டும் ஒரே கூலிதான். நீங்க வரட்டும்னு இருக்கோம்."

எப்போதும் உள்ள கூலிதான் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க தாயி."

அவள் யோசிக்கவே இல்லை. "அவிய சொன்னதுக்கு மேல, குரோசுக்கு ரெண்டு பைசா."

"எனக்கு மட்டும் ஏன் கூட?"

"அவிய எங்ககிட்ட இன்னும் பொய் சொல்லலையே."

செய்யது அலி வண்டியை விட்டுத் தூறலில் இறங்கினார். பிறகு, சரி என்றார்.