சாப்பிள்ளைப் புத்தகத்தின் ஓரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கொல்லம் ஆண்டு 1113, மாசி மாதத்தில், நான் குமாஸ்தாவாக இருக்கும் சர்க்கார் அலுவலகமான பகுதிக் கச்சேரிக்கு ஓர் ஆள் வந்தான். தன் சித்தியின் மரணத்தைப் பதிய வேண்டும் என்றான். பெயர் தாணம்மாள், வயது அறுபதுக்கு மேல், ஐந்து நாள் காய்ச்சல். தொழில் என்ன என்று கேட்டேன். சும்மாதான் இருந்தாள் என்றான். 'தொழில்: இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கும் முத்து முத்தாக இருந்தது.

தாணம்மாள் முப்பது வருஷம் கடலோரத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவள். ஆறரை வருஷத்துக்கு முன்பு அவளுடைய தொழிலைப் பறித்தவன் நான். பறித்த கையே 'இல்லை' என்றும் எழுதியது. அன்று வீட்டுக்கு வந்து சோறு உண்ண முடியவில்லை. சரி, ஒரு கதை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

[ஜெயசிங் என்ற குமாஸ்தா ஒரு கல்நெஞ்சன். ஏழைகளைக் கண்டாலே அவனுக்கு—]

இதை என் மனைவி ராஜபாய் எடுத்து வாசித்தாள். ஜெயசிங் யார் என்று கேட்டாள். கதைக்காக வைத்த பெயர் என்றேன். "நீங்கதானே அது? பின்ன ஏன் ஊரான் தலைல கொண்டு வைக்கிய?" என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். ஜெயசிங்கைக் கெட்டவனாக எழுதுவது சுகமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவனைத் திட்டத் திட்ட நான் நல்லவனாகிக்கொண்டே வந்தேன். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அது.

என் பெயர் ஞானையன். புராட்டஸ்டண்ட் மிஷன் சபைக் குடும்பம். ஞாயிறு தவறாமல் கோயிலில் கீர்த்தனை பாடுகிறவன். கல்நெஞ்சன் எல்லாம் இல்லை. அப்படி இருந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே வந்திராது.

3

கொஞ்சம் சட்டம் சொல்ல வேண்டும். கதையில் சட்டம் வந்தால் வாசகர் கொட்டாவி விடுவார் என்று தெரியும். ஆனால் இந்தக் கதையில் கெட்டது எல்லாம் சட்டத்துக்குள்தான் நடந்தது.*

பிறப்புக்கு ஒரு புத்தகம், இறப்புக்கு ஒரு புத்தகம். உயிரில்லாமல் பிறந்த பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய புத்தகம். அதைச் சாப்பிள்ளைப் புத்தகம் என்போம். பிள்ளை ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும் அது பிறந்த பிள்ளை. முதல் புத்தகத்தில் எழுதி, இறந்தபின் இரண்டாவதிலும் எழுத வேண்டும். பிறந்த வாரத்திலேயே இறந்தால் காரணம் விசாரித்துத் தனித் தாளும் எழுத வேண்டும். சாப்பிள்ளைக்கு ஒரே வரி போதும். அந்தப் புத்தகத்தில் பெயருக்குக் கட்டம் கிடையாது.

எழுதியதை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. ஆனால் தப்பு நேரும் என்று சட்டம் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெற்றாக விட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொன்னால், மேலதிகாரியின் அனுமதியோடு, பழைய வரியைத் தொடாமல் அந்த ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திடலாம். இதுதான் விதி. வாசகர் வேறொன்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

*சட்டத்தின் எண்ணும் வருஷமும் கேட்காதீர்கள். தப்பாகச் சொல்லிவிடுவேன். எனக்கு மனப்பாடமானது கட்டங்கள் மட்டும்தான்.

4

1107 புரட்டாசி, ஒரு சனிக்கிழமை மத்தியானம். தாணம்மாள் கடலோரத்திலிருந்து நடந்தே கச்சேரிக்கு வந்தாள். அந்தப் பக்கத்துப் பிறப்புகளை அவள்தான் வாரம் ஒருமுறை வந்து சொல்லிப் பதிவாள்.

சிலுவைதாசன் என்ற மீன்காரரின் மனைவி இசபெலுக்கு வியாழக்கிழமை விடியலில் பெண் பிறந்ததாகச் சொன்னாள். முதல் பிள்ளை. இரண்டு முறை அழுதது, அப்புறம் நீலம் பாரித்தது. நிலைக்காது என்று தெரிந்ததும் தாணம்மாள் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பேரால் ஞானஸ்நானம் கொடுத்தாள். அவள் இந்து. ஆனாலும் ஆபத்து நேரத்தில் யார் கொடுத்தாலும் செல்லும் என்று கடலோரக் கத்தோலிக்கக் கோயிலின் பழைய சாமியார் ஒருவர் அவளுக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். தாய் ஆசைப்பட்டிருந்தபடி குளோரி என்று பெயரும் வைத்தாள். அரை மணி நேரத்தில் பிள்ளை போய்விட்டது.

எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னாள். நானும் தெளிவாகத்தான் கேட்டேன்.

மறுநாள் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அன்று மாலையில் பாட்டுப் பயிற்சி. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். [எனக்குத் தலைவலியாக இருந்தது. வெயில் வேறு கடுமையாக—] இல்லை. தலைவலி கிடையாது. அரை மணி நேரப் பிள்ளைக்கு இரண்டு புத்தகமும் ஒரு தனித் தாளுமா என்று நினைத்தேன். அவ்வளவுதான். சாப்பிள்ளைப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி எழுதி, தாணம்மாளின் பெருவிரலை மையில் தொட்டு அதற்கு நேரே வைக்கச் சொன்னேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நன்றாக அழுத்தி வைத்தாள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெறாத பிஞ்சு இறந்தாலும் மற்றவர்களோடுதான் புதைப்போம். தண்ணீர் ஊற்றினாளா இல்லையா என்பதில் ஓர் உயிர்ப் பிரச்சினை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடப்புறத்துக் கத்தோலிக்க மீன்காரர்களின் மூடப்பழக்கம் என்று உள்ளூரச் சிரித்தும் இருப்பேன். அவர்கள் ஊரில் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் இடம். உயிரில்லாத உடம்புக்கு ஞானஸ்நானம் செல்லாது. ஆக, அந்த இரண்டு அழுகையில்தான் குளோரி சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்பது இருந்தது. அதைத்தான் நான் பஸ்ஸுக்காக அழித்தேன்.

5

இந்தக் காட்சியை நாலுமுறை எழுதினேன். முதல் மூன்றிலும் இசபெல் கதறி அழுதாள். ராஜபாய் வாசித்துவிட்டு, "அவ அழவே இல்லன்னு நீங்கதானே அன்னைக்கு வந்து சொன்னிய?" என்றாள். உண்மை. அழுகிறவளை எழுதுவது எளிது, நாமும் கூடச் சேர்ந்து அழுதுவிடலாம்.

நடந்தது இதுதான். ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் யூஜின், தாணம்மாளின் வாய்ச்சொல் போதாது என்று, பிள்ளையைச் சுவருக்கு வெளியே தற்காலிகமாகப் புதைத்திருந்தார். மாதம் ஒருமுறை வரும் சாமியார், உயிரோடு பிறந்தது என்று சர்க்கார் தாள் கொண்டுவந்தால் கல்லறைகளில் விளக்கேற்றும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் உள்ளே மாற்றலாம் என்று சொல்லிவிட்டார். பேறுகாலத் தீட்டு கழிந்த மறுநாள் இசபெல் கச்சேரிக்கு வந்தாள். கூடத் தாணம்மாளும் வந்தாள். இசபெல் கையில் [தோவாளைப் பிச்சிப்பூப் பொதி ஒன்று—] ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வந்திருந்தாள்.

புத்தகத்தைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓரம் வெற்றாக இருந்தது. சாட்சிக்கு இரண்டு பேர் எதிரே நின்றார்கள். மேலதிகாரிக்கு ஒரு கடிதம் போதும். ஆனால் அதற்கு முந்திய வாரம்தான் அதே மேலதிகாரி வந்து என் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, 'ஒரு திருத்தம்கூட இல்லை. மற்றவர்கள் இதைப் பார்த்துப் பழகட்டும்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தாளை நான் ராஜபாயிடம் காட்டியிருந்தேன். சபை ஆட்களிடமும் காட்டியிருந்தேன்.

சாப்பிள்ளை என்று பதிவாகியிருக்கிறது, மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்றேன். தாணம்மாள் பதறிப்போய், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். நான் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, கைநாட்டைக் காட்டினேன்.

"இது உனக்க விரல்தானே?"

"என் விரல்தான். நான் சொன்னதத்தான் எழுதியிருப்பியன்னு நெனச்சு வச்சேன் அய்யா."

இசபெல் அவளைப் பார்த்தாள். "தாணம்மக்கா, எனக்கிட்ட ஒண்ணும் இஞ்ச வந்து ஒண்ணும் சொன்னியா?" என்றாள். தாணம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மைக்கூட்டை மூடிக்கொண்டிருந்தேன். மெதுவாக மூடினேன்.

பிறகு இசபெல் என்னிடம் கேட்டாள்.

"அப்போ நான் கேட்ட சத்தம் என்ன அய்யா?"

எனக்கு அப்போதும் நேரம் இருந்தது.

"பேறு மயக்கத்துல காதுல என்னென்னவோ கேக்கும்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆட்டிய தலை. இருவரும் வெளியே போனார்கள். ஒன்றாக வந்தவர்கள், சாலையில் முன்னும் பின்னுமாகப் போனார்கள்.

6

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று இருந்தேன்.

பொய் சொல்கிற மருத்துவச்சி கையில் பிள்ளையைக் கொடுக்க முடியுமா? கடப்புறத்தில் தாணம்மாளை அதற்கப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை. இரணியல் பக்கம் தமக்கை மகன் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்துத் தனியாக ஒருநாள் என்னைப் பார்க்க வந்தாள். சண்டை போடவில்லை. புத்தகத்தை மாற்று என்றும் கேட்கவில்லை.

"அய்யா, நான் அன்னைக்கு உங்ககிட்ட பிள்ள அழுததுன்னு சொன்னேனா, இல்லியா? எனக்கே இப்ப சம்சயமாட்டு இருக்கு. உங்களுக்கு ஓர்ம இருக்கா?"

"எனக்கு ஓர்ம இல்ல," என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தபோது சேவலாவது கூவிற்று. எனக்கு அதுவும் இல்லை. அடுத்த ஆள் வரிச்சீட்டை நீட்டினான், வாங்கிப் பார்த்தேன்.

எனக்கு நன்றாக ஓர்மை இருந்தது. இரண்டு முறை என்று சொல்லும்போது அவள் இரண்டு விரலைக் காட்டியதுகூட ஓர்மை இருந்தது. வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போது காது சுடுகிறது.

7

கதை என்றால் முடிவு வேண்டும். மூன்று செய்து பார்த்தேன்.

ஒன்றில் குமாஸ்தா அன்றே மனம் மாறிப் பஸ் பிடித்துக் கடலோரம் போய்த் தாளைக் கொடுக்கிறான். கல்தச்சர் ஊரான மயிலாடியிலிருந்து சின்னதாக ஒரு கல் வருகிறது, குளோரி என்று செதுக்கியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. நடக்காததற்கு வந்த கண்ணீர் என்பதால் கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று, நான் மிகவும் விரும்பியது. கல்லறைத் தோட்டத்துச் சுவர் மழையில் இடிந்து விழுகிறது. சிலுவைதாசனும் கூட்டாளிகளும் ஒருவரிடமும் கேட்காமல் புதுச் சுவரை நாலு முழம் வெளியே தள்ளிக் கட்டுகிறார்கள். பிள்ளை உள்ளே வந்துவிடுகிறது. ராஜபாய்க்கும் பிடித்திருந்தது. அப்படி நடந்ததா என்று ஆவலாகக் கேட்டாள். நான் கட்டிய சுவர் என்றேன். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். உண்மையான சுவர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவதில் எனக்கு வேலை போகிறது. வாசகருக்கு அது நிம்மதியாக இருக்கும். எனக்கும்கூட. ஆனால் இசபெலுக்கு அதனால் ஆவது என்ன?

8

ஆக, முடிவு இல்லை. அந்தப் புத்தகம் கச்சேரி அலமாரியில் இருக்கிறது. சட்டம் இன்றைக்கும் அனுமதிக்கிறது. விஷயம் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். தாணம்மாள் போய்விட்டாள். மிஞ்சியிருப்பவர்கள் தாயும், கேட்டுவிட்டு எழுதாத நானும். ஓரத்தில் எழுத வேண்டியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்:

'பிள்ளை உயிருடன் பிறந்தது. பெண். பெயர் குளோரி. தெரிவித்தவர் சரியாகவே தெரிவித்தார். தவறு எழுதியவருடையது.'

நாலைந்து வரி. இரண்டு விரல் அகலத்தில் அடங்கும். இத்தனை பக்கம் எழுதியவனால் அதை எழுத முடியவில்லை.

வேலைக்குப் பயந்து அல்ல. ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது, போனால் போகட்டும் என்று ராஜபாயே சொல்லிவிட்டாள். சாட்சி சொல்ல இசபெலைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், உன் காது பொய் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த நிமிஷமே, ஆறரை வருஷம் தாணம்மாளைப் பழித்தோமே, இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று அவள் நினைப்பாள். அந்தப் பாரத்தை அவள்மேல் ஏற்ற வேண்டாம் என்றுதான்—

[அடித்துவிடுங்கள். இதுவும் சாக்கு. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.]

ராஜபாய் இதுவரை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அவளுக்கு வாசிக்கத் தெரியாதே. பின்ன யாருக்கு எழுதினிய இத?"

உங்களுக்குத்தான். நீங்கள் அந்தப் பக்கம் போகக்கூடும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கடப்புறத்தில் விசாரித்தால் சிலுவைதாசன் மனைவி இசபெலைக் காட்டித் தருவார்கள். பிள்ளை அழுதது, இரண்டு முறை அழுதது, தாணம்மாள் உண்மைதான் சொன்னாள் என்று அவளிடம் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்பாள்.

என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.