இரட்டை விசில்

டிப்போவில் அந்த நடத்துநருக்கு வைத்த பட்டப்பெயர் ‘சட்டம்’. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டதில்லை. ஆளே இல்லாத இடத்திலும் ஒற்றை விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி, காலிப் படியைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட இரட்டை விசில் கொடுப்பார். டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வேலை நேரத்தில் போனையும் அணைத்துவிடுவார். இப்படியும் ஒரு மனுஷன்!

அன்று மூன்றேகாலுக்கு, வீட்டருகே இருந்த நிறுத்தத்தில் அவர் மனைவி செருப்புகூட இல்லாமல் நின்றாள். கையில் ஒரு நீலக் கோப்பு.

"உங்க பொண்ணு சர்டிபிகேட்டை எல்லாம் மேஜை மேலயே வச்சிட்டுப் போயிட்டா. நாலு பத்துக்கு ரயில். நாளைக்குக் காலைல ஒரிஜினல் காட்டலைன்னா வேலை கிடையாதாம். உங்க பஸ் ஸ்டேஷனுக்குத்தானே போகுது, எப்படியாவது சேர்த்துடுங்க. மாமாவைப் படுக்கையில தனியா விட்டுட்டு வந்திருக்கேன்."

கோப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மகள் இரண்டு வருஷம் நாயாய் அலைந்து வாங்கிய வேலை அது.

பதினாறு நிறுத்தங்கள். பதினாறிலும் யாராவது ஒருவர் மூட்டையை முதலில் ஏற்றி, சில்லறையைத் தேடி, அப்புறம்தான் தன்னை ஏற்றிக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.

"அண்ணே, ரெண்டு ஸ்டாப்பை விட்டுடவா?"

"வாயை மூடிட்டு ஓட்டுப்பா."

சொல்லிவிட்டாரே ஒழிய, கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அடுத்தது, ஸ்டேஷனுக்கு முந்தைய கடைசி நிறுத்தமான பாலத்தடி. அதைத் தாண்டினால் ஒரு சிக்னல், அப்புறம் ஸ்டேஷன். மணி நாலு மூன்று. சிக்னல் பச்சையாக இருந்தது. அது சிவப்பானால் ஐந்து நிமிஷம் போச்சு. இறங்குவதற்கும் யாரும் இல்லை.

"யாரோ ஒரு பொண்ணு ஓடி வருதுங்க," என்றார் ஜன்னலோரத்துப் பயணி.

நடத்துநர் சிக்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பின்னாலேயே அடுத்த பஸ் வருது," என்று சொல்லிவிட்டு இரட்டை விசில் அடித்தார். டிரைவர் ஒரு கணம் காதையே நம்பவில்லை. பிறகு மிதித்தான்.

ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் பையை டிரைவர் மடியில் போட்டுவிட்டு ஓடினார். மூச்சு இரைக்க ஆறாவது பிளாட்பாரம், ஏழாவது பெட்டி, முப்பத்தொன்றாம் இருக்கை. மகளின் பை மட்டும் இருந்தது.

"அந்தப் பொண்ணா?" என்றாள் எதிர் இருக்கை அம்மாள். "அவங்கம்மா போன் பண்ணினாங்க. அப்பா பஸ்ஸுல ஏதோ வருதாம். சிக்னல்ல மாட்டிக்கும், பாலத்தடியிலயே வாங்கிட்டு ஓடி வந்துடறேன்னுச்சு. பஸ் அங்க நிக்குமான்னு நான்கூடக் கேட்டேன். எங்கப்பா நிக்காம போகவே மாட்டார்னுச்சு."

வண்டி குலுங்கி நகர்ந்தது. பையை எடுத்துக்கொண்டு குதித்தார்.

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டும்போது மகள் படிகளில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். போகிற ரயிலைப் பார்த்தாள். அவர் நெஞ்சோடு பிடித்திருந்த நீலக் கோப்பைப் பார்த்தாள்.

"ஒரு பஸ் வந்துச்சுப்பா," என்றாள். "நிக்காம போச்சு. அப்போ அது உங்க பஸ்ஸா இருக்காதுன்னு அங்கேயே நின்னுட்டேன்."